புகைக்குக் காத்திருந்த பாம்பு

கடலூரில் மலை இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே, கடலைப் பார்க்கக் கிளம்பி வழியிலேயே களைத்துப் படுத்துவிட்ட ஒரு பெரிய மிருகம் போல அது கிடந்தது. கேப்பர் மலை. உயரம் இல்லை, சிவப்பு இருந்தது. மழை அறுத்துக்கொண்டு போன பள்ளங்கள் இருந்தன. பள்ளங்களின் உதடுகளில் காரையும் சூரையும் சங்கம்புதரும். அவற்றுக்கு அப்பால் கிளைகளால் தரையைத் தடவிக்கொண்டு முந்திரி. ஒரு முனையில் கோயில், இன்னொரு முனையில் சிறைச்சாலை மதில். நடுவில் இருந்த காட்டுக்குள் தனியாக நடக்கும் எவனையும் ஊர் ஒரு கணம் நின்று பார்க்கும். சாமி கும்பிடப் போகிறானா, தப்பித்து வருகிறானா?

நான் பாம்பு பார்க்கப் போனேன்.

அறுபதுகளின் நடுவில், திருப்பாப்புலியூரில் குடியிருந்துகொண்டு, கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க மற்றவர்களின் சந்தேகங்கள் என் விரல் வழியாகப் போகும். பங்காளி மேல் பங்காளி, மருமகள் மேல் மாமியார், வரப்பு மேல் வாய்க்கால். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கால் வீட்டில் தரிக்காது. எங்கே போவது என்று தெரியாமல்தான் முதல் தடவை மலை ஏறினேன். ஒரு முந்திரிக் கிளையில் காய்ந்த குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. குச்சி மட்டும் மெல்ல ஆடியது. பிறகு தன் கழுத்தை உப்பிக்கொண்டது. வெண்கல நிறச் செதில்களுக்கு இடையில், யாரோ ஒளித்துவைத்ததைப் போல, நீலம். அந்த நீலத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. வானத்தில் கூட அவ்வளவு ரகசியமாக நீலம் இருப்பதில்லை.

கொம்பேறி மூக்கன்.

அப்புறம் ஞாயிறுதோறும் போனேன். பள்ளத்து ஓரத்தில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, மணிக்கணக்கில் பார்ப்பேன். இலையோடு இலையாக ஒழுகும் பச்சைப் பாம்பு. கல்லைப் புரட்டினால் வெளிச்சம் தாங்காமல் சுருளும், மண்புழு என்று ஏமாறவைக்கும் குருட்டுப் பாம்பு. வெயில் காயும் சரளைக்கல் மேல், தானும் ஒரு சரளை போலக் கிடக்கும் சுருட்டை விரியன். அதற்கு மட்டும் எட்டியே நிற்பேன். எல்லாம் சின்னச் சின்னது. ஆனால் ஊரில் ஒவ்வொன்றின் மீதும் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும். குருட்டுப் பாம்பு தூங்குகிறவன் காதுக்குள் நுழையும். மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும். எல்லாவற்றையும் விடப் பெரிய வழக்கு கொம்பேறி மூக்கன் மேல்தான். கடித்துவிட்டு அது மரத்தின் உச்சிக்கு ஏறுமாம். கடிபட்டவன் செத்தானா, அவனைக் கொளுத்தினார்களா, சுடுகாட்டிலிருந்து புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாம்.

எங்கே போகிறீர்கள் என்று என் மனைவி முதல் ஞாயிறு கேட்டபோது நான் உண்மையைச் சொன்னேன். பாம்பு பார்க்கப் போகிறேன். அதுதான் வம்பாகப் போயிற்று. சினிமாவுக்கு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். சீட்டாட்டம் என்றால் சண்டை போட்டுவிட்டு நம்பியிருப்பாள். பாம்பு பார்க்கப் போகிறேன் என்று ஒரு புருஷன் சொன்னால் அதற்கு என்ன பொருள்? என்னை ஏமாற்றுவதற்குக் கூட நீ சிரமப்படமாட்டாயா என்பதுதான் அவள் பார்வையில் இருந்தது.

அவள் சிதம்பரத்துப் பெண். தெற்கு வீதிக்குப் பின்னால் அவள் அப்பாவுக்கு வெண்கலப் பாத்திரக் கடை. பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து ஓசையில் கீறலைக் கண்டுபிடிக்கிற குடும்பம். என்னையும் தட்டிப் பார்த்தாள். சட்டையை மோந்தாள். பங்குனி, சித்திரையில் மலை முழுக்க முந்திரிப்பழம் அழுகிக் கிடக்கும். அந்தப் புளித்த வாடை துணியை விட்டுப் போகாது. மதுவிலக்குக் காலம் அது. மலைப் பள்ளங்களில் எவனாவது ஊறல் போட்டு வடிக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். சாராயம் என்று முடிவு செய்தாள். ஆனால் என் நடை தள்ளாடவில்லை, பேச்சு குழறவில்லை. அடுத்ததாக வேட்டியைப் பார்த்தாள். முழங்கால் இரண்டிலும் செம்மண். முழங்கைகளிலும்.

"குடிச்சாலாவது மனசு ஆறும்" என்றாள். "முட்டியில எப்படிங்க மண்ணு ஒட்டும்?"

குப்புறப் படுத்தேன் என்றேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமை வீட்டில் ஒரு புது சாமான் போல வந்து உட்கார்ந்துகொண்டது. நடக்கும்போதெல்லாம் இடித்தது.

வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கென்று சிதம்பரம் போனாள். ஆனித் திருமஞ்சனம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். தேர் நிலைக்கு வந்த பிறகும் வரவில்லை. நான் பாசஞ்சர் ஏறிப் போய் நின்றபோது மாமனார் ஆடி பிறக்கப் போகிறதே, ஆடியில் எப்படி அனுப்புவது என்றார். ஆடிக்கு அழைப்பது புதுப்பெண்ணை. எங்களுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஆகியிருந்தன. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கும் தெரியும். மாமியார் காப்பி கொடுத்தார். டம்ளரை நான் திருப்பிக் கொடுத்தபோது என் கை நடுங்குகிறதா என்று பார்த்தார். ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு விளங்கிவிட்டது. ஆடி முடிந்தால் ஆவணியில் ஒரு காரணம் வரும். மலையில் நான் என்ன செய்கிறேன் என்பது தெரியாத வரை அவள் வரமாட்டாள். என்ன செய்கிறேன் என்று நானே சொன்னால் அது தெரிந்ததாகவும் ஆகாது.

மலைக்குப் போவதை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகும். தவிர, வெறும் வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

மலையிலும் எனக்கு நல்ல பேர் இல்லை. அங்கே ஒரு தோப்பை மங்கலம்பேட்டைக்கார பாய் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். கொட்டைப் பருவம் முடிந்து, பட்ட கிளைகளை விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டாலே அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார். ஒருநாள் நேராகவே கேட்டார்.

"என்னா சார், மரத்த எண்றீங்களா? குத்தகைய ஜாஸ்தி பண்ணப் போறாங்களா?"

பாம்பு பார்க்கிறேன் என்றேன். சரி சார், சரி சார் என்று தலையை ஆட்டினார். அன்றிலிருந்து நான் எந்த மரத்தடியில் படுத்தாலும், அந்த மரத்துக்கு அவர் ஒரு நடை வந்துவிட்டுப் போவார்.

ஆடியில் ஒரு ஞாயிறு, காற்று புழுதியைத் தூக்கிக்கொண்டு போன காலை வேளை. ஒரு கொம்பேறி மூக்கன் ஓணானைக் கவ்விக்கொண்டிருந்தது. தலைப்பக்கமாக விழுங்க வேண்டும், ஓணானோ கையை விரித்து மறுத்துக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்போது எனக்குப் பின்னால் கிளை முறியும் சத்தம். தொப்பென்று ஏதோ விழுந்தது. ஓர் அலறல்.

திரும்பினால், முந்திரி மரத்தடியில் என் மச்சான். மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவன். அந்தக் கோலத்திலும் புத்தம்புது டெரிலின் சட்டை போட்டிருந்தான்.

"மாமா, கடிச்சிடுச்சு மாமா."

விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. என்னைப் பின்தொடர அனுப்பியிருக்கிறார்கள். நான் யாரையோ பார்க்கப் படுத்திருக்கிறேன் என்று எண்ணி, அந்த யாரோ யாரென்று நன்றாகத் தெரிய மரத்தில் ஏறியிருக்கிறான். அவன் பிடித்த கிளையை ஏற்கெனவே வேறொருவர் பிடித்திருந்தார். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக ரத்தப் பொட்டுகள், ஊசியால் கோலம் போட்டது போல. அண்ணாந்து பார்த்தேன். இலைகளுக்கு நடுவே வெண்கலக் கோடு ஒன்று நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தது. விஷம் இல்லாதது, ஒன்றும் ஆகாது என்றேன். அவன் காதில் அது ஏறவில்லை.

"ஏறிடுச்சு பாருங்க. மேல உக்காந்து பாக்கும் மாமா. என்னைக் கொளுத்துற வரைக்கும் பாக்கும்."

சத்தம் கேட்டுப் பாய் ஓடி வந்தார். கையை வாங்கிப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், கடைசியில் ஒரு பாம்பாவது இருந்ததே என்கிற ஆச்சரியத்தோடு.

"எங்காளுங்கள கடிச்சா அதும் பாடு கஷ்டம் தம்பி" என்றார். "நாங்க பொதைக்கிறவங்க. பொகையே வராது. காஞ்சு கருவாடா போற வரைக்கும் மேலயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

மச்சான் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"அப்ப என்னையும் பொதச்சிடச் சொல்லுங்க மாமா."

பாய் சிரிக்காமல் தலையை அசைத்தார். அதுக்கு நெறைய படிக்கணும் தம்பி என்றார். அவருடைய விறகு வண்டியிலேயே அவனை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டு, உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார். வீடு வந்ததும் மச்சான் ஜன்னல்களைச் சாத்தினான். மலை இருக்கிற திசையில் கொல்லைக் கதவு. அதற்கு ஒரு கோணி கட்டினான்.

தகவல் போய், மறுநாள் மத்தியானத்துக்குள் சிதம்பரம் மொத்தமும் வந்து இறங்கியது. மாமனார், மாமியார், கடைசியில் அவள். வாசற்படியில் அவள் கால் வைத்தபோது என் நெஞ்சு வெட்கம் கெட்டுக் குதித்தது. அவள் என்னைத் தாண்டித் தம்பியிடம் போனாள்.

மாமியார் வரும்போதே முடிவோடு வந்திருந்தார். கொம்பேறி மூக்கன் கடித்தால் என்ன செய்யவேண்டும் என்று அவர்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வைக்கோலில் ஆள் செய்து, கடிபட்டவன் போட்டிருந்த துணியை அதற்குப் போட்டு, பேர் சொல்லி அழுது, சுடுகாட்டில் கொளுத்த வேண்டும். புகையைப் பார்த்துவிட்டுப் பாம்பு கணக்குத் தீர்ந்தது என்று இறங்கிவிடும். அதுவரை ஆள் வெளியே தலைகாட்டக் கூடாது.

மச்சானுக்குச் சம்மதம்தான். சட்டைக்குத்தான் சம்மதம் இல்லை. பழைய பனியனைக் கொளுத்தலாமே என்று கெஞ்சினான். பாம்பு சட்டையைத்தானே பார்த்தது, பனியனையா பார்த்தது என்று மாமியார் கேட்டதும் அடங்கிவிட்டான். கழற்றும்போது காலரை ஒருமுறை தடவிக்கொண்டான். வாசலில் மாமியார் நெஞ்சிலடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அக்கம்பக்கம் உண்மையென்று நம்பிக் கூடிவிட்டது. பூட்டின அறைக்குள் அவன் தன் ஒப்பாரியைக் கேட்டபடி இட்லி தின்றுகொண்டிருந்தான்.

கெடிலக் கரைச் சுடுகாட்டில் காவலுக்கு இருந்தவர் எங்களை விடவில்லை. மாமனாரும் நானும் இரண்டே பேர், பறை இல்லை, பாடை இல்லை, கையில் ஒரு மூட்டை. அவிழ்த்துக் காட்டச் சொன்னார். வைக்கோலைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் அதிகமாயிற்று. மாமனார் அவரைத் தனியே அழைத்துப் போய்க் காதோடு சொன்னார். காவலர் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்.

வைக்கோல் சட்டென்று பிடித்தது. சட்டை எரியவில்லை, உருகியது. கறுகறுவென்று ஒரு புகை, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு எழுந்து, ஆடிக்காற்றில் சாய்ந்து மலைப்பக்கமாகவே போயிற்று. மாமனார் கைகூப்பினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், சாயந்திர வண்டிக்கே எல்லோரும் கிளம்புவதாகச் சொன்னார். பாம்போடு பழகுகிறவர் வீட்டில் பெண்ணை விட்டுவைக்கத் தனக்கு மனசு வரவில்லை என்றார்.

விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதுவரை மலையில் பாம்பே இல்லை என்பது வழக்கு. இப்போது பாம்பு இருப்பது நிரூபணமாகிவிட்டது. நிரூபணமான பாம்பு என் மச்சானைத் தேடிப்பிடித்துக் கடித்திருக்கிறது. வேவு பார்க்க வந்தவனை.

வீட்டில் அவள் தம்பியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து, தலை நிமிராமல் கேட்டாள்.

"அது உங்களுக்குத் தெரிஞ்ச பாம்பா?"

தெரிந்ததுதான். எத்தனையோ ஞாயிறு பார்த்த கிளை, பார்த்த வால். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் பெட்டியை மூடினாள். மச்சானைக் கோணித் திரை போட்ட குதிரை வண்டியில் ஏற்றினார்கள். சாயந்திர வண்டி அவர்களை எடுத்துக்கொண்டு போயிற்று.

அடுத்து வந்த ஞாயிறுகளில் நான் பாம்பு பார்க்கவில்லை. மரத்தடியில் கிடந்தேன், அவ்வளவுதான். கண் முன்னால் பச்சைப் பாம்பு போனாலும் அது எங்கேயோ போகிற ரயில் போலத்தான் இருந்தது. ஆவணி பிறந்தது. சிதம்பரத்திலிருந்து காரணம் கூட வரவில்லை. காரணம் சொல்லவேண்டிய நிலையை அவர்கள் கடந்துவிட்டார்கள். ரயில்வே கேட்டில் நிற்கும்போதெல்லாம் தெற்கே இருந்து வரும் வண்டியின் பெண்கள் பெட்டியை நான் பார்க்காமல் விட்டதில்லை.

ஒரு ஞாயிறு முற்பகல், புதருக்கு அப்பால் பாயின் குரல் கேட்டது.

"அவரா? அதோ படுத்துக் கிடக்குறாரு. என்னா பண்றாருன்னு எனக்கும் இது வரைக்கும் தெரியலம்மா. நீங்களே பாருங்க."

காய்ந்த இலைகள் நொறுங்கின. நான் திரும்பவில்லை. திரும்பினால் எதையோ மறைப்பது போல இருக்கும் என்று தோன்றியது. அவள் காலை வண்டியில் வந்து, வீட்டுக்குக் கூடப் போகாமல், யாரிடமும் சொல்லாமல், கையும் களவுமாகப் பிடிக்க நேரே மலை ஏறியிருக்கிறாள். எனக்குப் பின்னால் நின்று சுற்றிலும் பார்த்தாள் என்பது அவள் மூச்சின் திசையிலிருந்து தெரிந்தது. புதர், பள்ளம், புரட்டிய கற்கள். சாராயச் சட்டி இல்லை, பெண் இல்லை. பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் கிளை மறைத்தது. முட்டி போட்டாள். அதுவும் போதவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தோளுக்குப் பக்கத்தில் அவளும் முழங்கையை ஊன்றியிருந்தாள். செம்மண் எங்கே எப்படி ஒட்டும் என்பது அந்த இடத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் அதைச் சொல்லவில்லை, நானும் சுட்டிக் காட்டவில்லை.

வெயில் ஏறியது. ஒன்றும் வரவில்லை. வராமல் போனால் என்ன ஆகும் என்று எனக்கு வியர்த்தது. இத்தனை மாதம் பார்த்ததெல்லாம் பொய்யாகிவிடும். அதே முந்திரிக் கிளையில் காய்ந்த குச்சி ஒன்று இருந்தது. காலையிலிருந்தே இருந்தது. இப்போது காற்று நின்றது. குச்சி ஆடியது.

அவள் விரல்கள் என் முழங்கையை இறுக்கின. பாம்பு உடலில் பாதியை வெற்றுவெளியில் நீட்டி, தலையைச் சற்றே உயர்த்தி, அப்படியே நின்றது. பெரிய கண். கழுத்து உப்பியது, அந்த நீலம் தெரிந்து மறைந்தது. அழகு என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் பாம்பைப் பார்க்கவில்லை. பாம்பு பார்க்கிற பக்கத்தைப் பார்த்தாள். பள்ளத்தின் பிளவு வழியாகக் கீழே கெடிலம், மணல், கரையில் சுடுகாட்டுக் கூரை.

"இன்னும் அங்கதான் பாக்குது" என்றாள் மெதுவாக.

சும்மா ஓணான் தேடுகிறது என்றேன். அவள் தலையை அசைத்து மறுத்தாள்.

"அது நம்பலைங்க. அந்தச் சட்டைதான் கெடுத்துச்சு. நம்ம வூட்டுப் பொகை மாதிரியா இருந்துச்சு அது? நைலான் கடை பத்திக்கிட்ட மாதிரி இருந்துச்சாம், அப்பாவே சொன்னாரு. அதுக்கு மூக்கு இல்லியா?"

பேசிவிட்டுப் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அவள் சந்தேகம் என் மேல் இல்லை. பாம்புக்கும் சந்தேகம் இருப்பதாக அவள் சந்தேகித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாகவே புரிகிறது போலிருந்தது. கீறல் விழுந்த பாத்திரத்தின் ஓசை அதற்கும் கேட்டிருக்கிறது.

இறங்கும்போது பாய் வழியில் நின்றார். ஏதாவது தெரிஞ்சுதாம்மா என்று ஆவலாகக் கேட்டார். பாம்பு பார்க்கிறார் என்று அவள் சொன்னாள். பாய் முகம் விழுந்துவிட்டது. இப்போது ரெண்டு பேரும் சேர்ந்து சொல்கிறார்களே என்று நினைத்திருப்பார்.

சாயந்திர வண்டி எத்தனை மணிக்கு என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, குழாயடியில் முழங்கையைத் தேய்த்துக் கழுவினாள். அரிசி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சமையலறைக்குள்ளிருந்து கேட்டாள். நான் வாசலில் நின்றேன், உள்ளே போகலாமா என்று தெரியாமல்.

"நான் போவலை" என்றாள் உள்ளிருந்தே. "அது இறங்குற வரைக்கும் யாராச்சும் ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கணும். உங்களை நம்பி எப்படி வுடறது?"

இப்போது எனக்கு எழுபதை நெருங்குகிறது. மச்சானுக்குப் பேரன் பிறந்துவிட்டான். இன்றும் அவன் கடலூர் வந்தால் மலைப்பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவான். அந்தத் தோப்பை அப்புறம் வேறு யாரோ எடுத்தார்கள்.

அவள் மலை ஏறி வந்த அந்த வருஷத்துக் கார்த்திகைக்கு மாமியார் சீர் கொண்டு வந்திருந்தார். கொல்லைக் கொடியில் அவள் புடவை காய்ந்துகொண்டிருந்தது. மாமியார் அதைக் கையில் எடுத்தார். முழங்கால் படும் இடத்தில், எவ்வளவு அடித்துத் துவைத்தும் போகாத செம்மண் கறை, இரண்டு வட்டமாக.

இது எப்படி என்று கேட்டார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, பாம்பு பார்க்கப் போனோம் என்றாள்.

மாமியார் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு, திரும்பி, வெகுநேரம் என்னைப் பார்த்தார்.